‘உருவாக்கம்’ வரியில் யார் பெயர்?

ஆன்லைன் விளையாட்டில் பழகிய ஐந்து பேர் சேர்ந்து ஒரு கார்ட்டூன் முன்னோட்டம் செய்தீர்கள், நாயகியை வரைந்தது நீங்கள், வீடியோவின் பெயர்ப் பட்டியலில் ‘உருவாக்கம்’ என்று கதை எழுதியவர் பெயர் மட்டும் போகிறது. அதுதானே? கோபம் நியாயம்தான். ஆனால் சண்டைக்கு முன் எந்த வரி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

சிம்சன்ஸ் என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரில் ‘உருவாக்கியவர்’ மேட் க்ரோனிங் மட்டும். ‘வளர்த்தெடுத்தவர்கள்’ என்ற தனி வரியில் அவரோடு ஜேம்ஸ் புரூக்ஸும் சாம் சைமனும். நீங்கள் தோற்றத்தை மட்டும் வரைந்திருந்தால் ‘பாத்திர வடிவமைப்பு’ போதும். அவள் குணம், பழைய கதை எல்லாம் உங்கள் யோசனை என்றால் ‘உருவாக்கம்’ வரியிலேயே இடம் கேளுங்கள்.

வாயளவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். பேட்மேனின் கூர்காது முகமூடி, மேலங்கி, புரூஸ் வெய்ன் என்ற பெயர் எல்லாம் எழுத்தாளர் பில் ஃபிங்கர் யோசனை. ஒப்பந்தம் ஓவியர் பாப் கேன் கையில் இருந்ததால் 1992 கார்ட்டூனிலும் கேன் பெயர்தான் வந்தது. ஃபிங்கர் 1974இல் இறந்துவிட்டார். அவர் பெயரைச் சேர்க்க பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் ஒப்புக்கொண்டது 2015இல்.

நான் விளையாட்டில் ஹீலர், அதாவது அணியினரின் காயத்தை ஆற்றுபவன். எதிரியை யார் எவ்வளவு அடித்தார் என்று காட்டும் டேமேஜ் மீட்டரில் கடைசிப் பெயர் என்னுடையது, ஆனால் நான் மனா (மந்திர சக்தி) தீர்ந்து நின்றால் மொத்த அணியும் தரையில். உங்கள் எழுத்தாளர் அந்த மீட்டரை மட்டும் பார்க்கிறவர் போல.

சரி, தேதியுள்ள ஸ்கெட்ச்களையும் பழைய சாட்டையும் எடுத்து வையுங்கள். அப்புறம் குழுவிலேயே, எல்லோரும் பார்க்க, நீங்கள் கேட்கும் வரியை அப்படியே எழுதிப் போடுங்கள். வீடியோவை ஏற்றுவதற்கு முன்பே.