நீல விளக்கில் வைத்த குழந்தைக்குத் தட்டணு குறைந்தால் பயப்பட வேண்டுமா?

மஞ்சள் காமாலைக்காக இரண்டு நாள் விளக்கில் வைத்த குழந்தைக்குத் தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) 2,10,000இலிருந்து 1,40,000 ஆகிவிட்டது, விளக்கு ரத்தத்தைக் கெடுத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. 14 ஆண்டுகளாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். என் மகளும் பிறந்த நான்காம் நாள் கண்ணில் கட்டுடன் அந்த நீல வெளிச்சத்தில் படுத்திருந்தவள்தான்.

குறையும் என்பது உண்மை. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் தட்டணு சற்று இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் லேசான இறக்கம்தான். ரத்தம் கசியும் அளவுக்குப் போவது அரிது. வெள்ளையணு விஷயத்தில் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. பிறந்த முதல் வாரத்தில் அது எப்படியும் இறங்கும் என்பதால் விளக்கின் மேல் பழி போடுவதும் கடினம்.

சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினின் கதை வேறு. சிவப்பணு உடைவதால்தான் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அந்தப் பிலிரூபினை மலத்திலும் சிறுநீரிலும் எளிதாக வெளியேறும் வடிவத்துக்கு மாற்றுவதே ஒளியின் வேலை. அதனால் ஹீமோகுளோபின் வேகமாகச் சரிந்தால் விளக்கை அல்ல, தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை பொருந்தாமை, ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைபாடு போன்ற சிவப்பணுவை உடைக்கும் காரணங்களைத்தான் முதலில் தேடுவார்கள்.

எந்த எண்ணையும் நம்புவதற்கு முன் ரத்தம் எப்படி எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். குதிகாலில் குத்தி, பிழிந்து பிழிந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்த ரத்தம் குழாயிலேயே உறையத் தொடங்கிவிடும். என் மகளுக்கு இயந்திரம் 92,000 என்று காட்டியது. மனம் கேட்காமல் கண்ணாடிச் சில்லில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தேன்: ஓரத்தில் தட்டணுக்கள் திராட்சைக் குலைபோல ஒட்டிக் கிடந்தன. இயந்திரத்துக்குக் குலையை எண்ணத் தெரியாது. நரம்பிலிருந்து எடுத்து மறுபடி பார்த்தபோது 1,86,000.

பிலிரூபின் பரிசோதனையிலும் இப்படி ஒரு வழுக்கல் உண்டு. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயிலில் மறந்து வைத்த ரத்த மாதிரியில் பிலிரூபின் இறங்கியிருந்தது. வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் வெளிறியதை அங்கிருந்த செவிலியர் ஜீன் வார்டு ஏற்கெனவே கவனித்திருந்தார். இந்தச் சிகிச்சை பிறந்ததே இந்த இரண்டிலிருந்தும்தான். அதனால்தான் பிலிரூபின் மாதிரியை நாங்கள் இன்றும் வெளிச்சம் படாமல் மூடி வைக்கிறோம்.

1,40,000 என்பது இயல்பின் கீழ் எல்லையான 1,50,000ஐ ஒட்டிய எண். பால் நன்றாகக் குடிக்கிற குழந்தை என்றால் மருத்துவர் மறுபரிசோதனை மட்டுமே சொல்லக்கூடும். ஆனால் எண் தொடர்ந்து இறங்கினாலோ, தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, குழந்தை பால் மறுத்துச் சோர்ந்தாலோ, உடல் சில்லிட்டாலோ, சுட்டாலோ, "விளக்கால்தான்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். கிருமித் தொற்றிலும் தட்டணு விழும். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.