தட்டுக் கட்டும் தீராத அடிவயிற்று வலியும்

கேள்வி: எனக்கு 42 வயது. காங்கயம் பக்கம் கிராமம். நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் இருவர், இளையவன் சிசேரியன். மூன்று வருடங்களாக அடிவயிற்றிலும் இடுப்பிலும் வலி இருக்கிறது. சோளத்தட்டு சுமந்த நாட்களில் வலி அதிகம். மாதவிலக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. இரண்டு முறை ஸ்கேன் எடுத்தும் ஒரு சிறு நீர்க்கட்டியைத் தவிர எல்லாம் நார்மல் என்கிறார்கள். கைபேசியில் பார்த்து ஆறு வாரம் வயிற்றுத் தசைகளுக்கான ‘கோர்’ பயிற்சி செய்தேன், வலி கூடிவிட்டது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி என்று வீட்டில் சொல்கிறார்கள். என் சின்னம்மா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில்தான் இறந்தார். பயிற்சியைத் தொடரலாமா?

— வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், மலச்சிக்கலைப் பற்றியும் உறக்கமின்மையைப் பற்றியும் எழுதிவரும் இடத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருக்கிறது. கடந்த இரண்டு மாதங்களில் கணவருடன் சேர்ந்த பிறகு மூன்று முறை உள்ளாடையில் இரத்தக்கறை பட்டதாகவும், சூட்டினால் இருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் அதில் எழுதியிருக்கிறீர்கள். மற்ற தொந்தரவுகளுக்கெல்லாம் வரிசையாக எண் போட்ட நீங்கள், இதற்கு மட்டும் எண் போடவில்லை. நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

உறவுக்குப் பின் வரும் இரத்தத்துக்கும் உடல் சூட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கர்ப்பப்பை வாயில் ஏற்படும் கிருமித்தொற்று, அங்கே வளரும் சிறு சதை, வாயின் உட்புறத் தோல் சற்று வெளியே படர்ந்திருத்தல் ஆகியவையே இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும். முதல் இரண்டும் எளிதில் சரிசெய்யக் கூடியவை, மூன்றாவதற்குப் பல நேரங்களில் சிகிச்சையே தேவைப்படாது. ஆயினும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் பல பெண்களிடம் முதன்முதலில் இவ்வாறே தலைகாட்டுகிறது என்பதால், கண்ணால் பார்க்காமல் எவரும் இதற்கு ஆறுதல் சொல்லிவிடக் கூடாது. நானும் சொல்லப் போவதில்லை.

நீங்கள் இரண்டு முறை எடுத்த ஸ்கேன் இந்த விஷயத்தில் உங்களுக்கு உதவாது. வயிற்றின் மேல் பசை தடவி எடுக்கும் ஸ்கேன், கர்ப்பப்பையின் அளவையும் சினைப்பைகளையும் கட்டிகளையும் காட்டும். கர்ப்பப்பை வாயின் மேற்பரப்பில் தொடக்க நிலையில் உண்டாகும் மாற்றம் அதில் தெரியாது. அதைப் பார்க்கும் சோதனையோ மிக எளிது. மருத்துவர் ஒரு சிறு கருவியால் பிறப்புறுப்பை விரித்து, விளக்கு வெளிச்சத்தில் கர்ப்பப்பை வாயை நேராகப் பார்ப்பார். நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது சமையலறை வினிகர் போன்ற ஒன்றை, பஞ்சில் தோய்த்துத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார். மாறுபட்ட செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளைத் திட்டாக எழுந்து நிற்கும். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. அறிகுறி ஏதும் இல்லாத பெண்களுக்கு அது போதும். உங்களுக்கு அறிகுறி இருப்பதால் மகளிர் நோய் மருத்துவர் ஒருவரே பார்த்து, பாப் ஸ்மியரும் (கர்ப்பப்பை வாயின் செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் சோதனை) எடுத்து, தேவைப்பட்டால் துணுக்குச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். திருப்பூரிலோ பெருந்துறையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அடுத்த பத்து நாட்களுக்குள் சென்று வாருங்கள். கறவைக்கு ஆள் இல்லை என்ற காரணத்தை நான் ஏற்கமாட்டேன்.

சின்னம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வரும் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. இந்தப் புற்றுநோய்க்கு அடிப்படை ஹெச்.பி.வி. என்னும் வைரஸ், அதை நிறுவியதற்காகவே ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தொற்று ஏற்பட்டுப் புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும், அதற்கு முந்தைய நிலையில் கண்டுபிடித்துவிட்டால் புற்றாக மாறவிடாமலே தடுத்துவிடலாம். அதோடு, மூன்று ஆண்டுகளாக அதே இடத்தில், அதே அளவில், சுமை தூக்கினால் கூடி ஓய்ந்தால் குறையும் வலி என்பது புற்றுநோயின் இயல்பே அல்ல. வலியைக் கண்டு நீங்கள் இத்தனை நாள் பயந்திருக்க வேண்டியதில்லை என்பதை நான் ஓரளவு துணிந்தே சொல்கிறேன்.

நீங்கள் எண் போட்டு எழுதியவற்றில் பலவற்றை இப்போதே அடித்துவிடலாம். சினைப்பையில் 2.5 சென்டிமீட்டர் நீர்க்கட்டி என்பது மாதவிலக்கு நிற்காத பெண்ணிடம் அநேகமாக அந்த மாதத்துக் கருமுட்டைப் பை. ஓரிரு சுழற்சியில் தானே மறையும். நாற்றமோ அரிப்போ இல்லாத வெள்ளைப்படுதல் எலும்பை உருக்காது. வாயு இடுப்பில் இறங்கிப் பிடித்துக்கொள்வதில்லை. சுக்குக் கசாயத்தைக் குடியுங்கள், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, அதற்காக வலி தீரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மருந்துக் கடையில் ‘இடுப்பு வலிக்கு இரண்டு வேளைக்கு’ என்று கேட்டு வாங்கும் அந்தக் காகித உறையை மட்டும் நான் இவ்வளவு எளிதாக விடமாட்டேன். பட்டையிலிருந்து கத்தரித்த மூன்று மாத்திரைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரையாக இருக்கும்; மாதத்தில் பதினைந்து நாள் என்று ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் அது இரைப்பையைப் புண்ணாக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரண்டாவது, முதலாவது செய்யும் கெடுதலைச் சற்று மறைப்பதற்கான இரைப்பை மாத்திரை. பெயர் தெரியாத அந்தச் சிறிய வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டாக இருந்ததை என்னிடம் வந்த பல உறைகளில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ‘அந்தக் கடை மாத்திரை மட்டும் கேட்கிறது’ என்ற நற்பெயர். நாள்தோறும் சாப்பிட்டு வருபவராக இருந்தால் அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உறையோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வலிக்கு வருகிறேன். சிசேரியன் தழும்பின் வலது முனைக்கு இரண்டு விரற்கடை தள்ளி, ‘ஒரே விரலால் தொட்டுக் காட்டக் கூடிய இடத்தில்’ வலிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இது மிகவும் பயனுள்ள தகவல். உள்ளுறுப்பிலிருந்து வரும் வலியைப் பெண்கள் பெரும்பாலும் உள்ளங்கையை விரித்து வயிறு முழுவதும் தடவித்தான் காட்டுவார்கள். மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தியபடியே தலையையும் தோள்களையும் தரையிலிருந்து சிறிது தூக்கிப் பாருங்கள். வலி கூடினால் அது வயிற்றுச் சுவரில் இருக்கிறது. குறைந்தால் உள்ளே தேட வேண்டும். கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926-இல் விவரித்த சோதனை இது. கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம். அதனாலேயே இன்று பலர் இதைச் செய்யாமல் நேராக ஸ்கேனுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அடிவயிற்று வலியில் தசைகளுக்குள்ள பங்கு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. நம் நடு உடலை ஒரு பானையாக எண்ணிக்கொள்ளுங்கள். மேல்மூடி, மூச்சு விடும்போது ஏறி இறங்கும் உதரவிதானம். முன்னும் பக்கமும் ஒட்டியாணம்போல் சுற்றி நிற்பது வயிற்றின் ஆழ்ந்த குறுக்குத் தசை. பின்புறம் முதுகெலும்பைப் பற்றி நிற்கும் சிறு தசைகள். அடியில், முன் எலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளிபோல் கட்டப்பட்டு, சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் மலக்குடலையும் தாங்குகிற இடுப்புத் தளத் தசை. மூச்சை இழுக்கும்போது மேல்மூடி கீழிறங்கும், உடனே அடித் தூளியும் சற்றுத் தாழ்ந்து இடம் கொடுக்க வேண்டும். நெடுநாள் வலியில் இருக்கும் பெண்களிடம் இந்தத் தூளி, கல் பட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வதுபோல, எப்போதும் இழுத்துப் பிடித்த நிலையிலேயே இருந்துவிடுகிறது. உறவின்போது ஏற்படும் வலி, மலம் கழிக்க முக்க வேண்டியிருப்பது, சிறுநீர் கழித்த பின்னும் மீதம் இருப்பது போன்ற உணர்வு என்று நீங்கள் தனித்தனியாக எண் போட்டவை அனைத்தும் இந்த ஒரே இறுக்கத்தின் முகங்களாக இருக்கலாம். கைப்பரிசோதனையில்தான் அது உறுதியாகும்.

கைபேசி சொல்லிக்கொடுத்த பயிற்சி ஏன் வலியைக் கூட்டியது என்பது இப்போது விளங்கும். மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தெழுவதும், முழங்கையை ஊன்றி ஒரு நிமிடம் விறைத்து நிற்பதும் பானைக்குள் அழுத்தத்தை ஏற்றுபவை. ஏற்கெனவே இறுகிய தூளி மேலும் இறுகித்தான் அதைத் தாங்கும். கூடவே, இடுப்புத் தளத் தசையை இறுக்கி இறுக்கி விடும் ‘கெகல்’ பயிற்சியை நாளுக்கு நூறு முறை செய்தீர்களாம். ஆர்னால்டு கெகல் 1948-இல் அந்தப் பயிற்சியை எழுதியது, பிரசவத்துக்குப் பின் தளர்ந்து சிறுநீர் கசியும் பெண்களுக்காக. இறுகிய தசைக்கு அதைக் கொடுப்பது, சுளுக்கிய கழுத்தை மேலும் திருகுவதற்கு ஒப்பாகும். உடனே நிறுத்துங்கள்.

பயிற்சி வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வரிசைதான் மாற வேண்டும். முதல் மூன்று வாரம் மூச்சு மட்டும். பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தொப்புளுக்குக் கீழும் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது கீழ்க்கை மட்டும் உயர வேண்டும். அதே நேரத்தில் ஆசனவாயைச் சுற்றிய பகுதி விரிந்து கீழிறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே விடும்போது எதையும் இறுக்காதீர்கள். காலையும் இரவும் ஐந்து நிமிடம் போதும். இதை இன்றிரவே தொடங்கலாம். மருத்துவப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று உங்கள் வீட்டார் கேட்பார்கள். பெரும்பாலோர் முதல் வாரத்தில் கைவிட்டுவிடுவதும் இந்தக் கட்டத்தைத்தான்.

நான்காம் வாரத்திலிருந்து, மூச்சை வெளியே விடும்போது கீழ்வயிற்றை முதுகுப் பக்கமாக மெல்ல உள்ளிழுத்து ஐந்து எண்ணும்வரை பிடிக்கப் பழகுங்கள். முழு பலத்தில் கால்வாசி போதும். பிடித்தபடியே பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிந்தால் அளவு சரி, பேச்சு நின்றால் தம் பிடிக்கிறீர்கள் என்று பொருள். இது கைவந்த பின், அதே பிடியோடு ஒரு குதிகாலைப் பாயில் உராய்ந்தபடி நீட்டி மடக்குவது, பிறகு இடுப்பை மட்டும் மெல்ல மேலே தூக்கி இறக்குவது, கடைசியாகக் கைகால்களை ஊன்றி நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து முறை, வாரத்தில் ஐந்து நாள். பயிற்சி செய்த அன்று சற்று வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடருங்கள். அதற்கு மேலும் நீடித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மாற்றம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இடுப்புத் தளத் தசையில் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் இரண்டு மூன்று முறையாவது நேரில் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது, நீங்கள் இதுவரை பார்த்த காணொளிகள் அனைத்தையும்விட மேலானது.

பாயில் செய்யும் இருபது நிமிடத்தைவிடக் கட்டுத்தரையில் கழியும் ஐந்து மணி நேரம் முக்கியம். குந்தி உட்கார்ந்து பால் கறப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். முழங்கால் வலி இல்லாதவரை அந்த அமர்வில் இடுப்புத் தளம் தளரவே செய்யும், அதில் தவறில்லை. தவறு, நிறைந்த தூக்குவாளியோடு தம் பிடித்து எழுவதில் இருக்கிறது. வாளியைக் கீழேயே வைத்துவிட்டு முதலில் எழுந்து, பிறகு அருகில் நெருங்கி நின்று, மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள். சோளத்தட்டுக் கட்டை ஒரே தூக்காக இருபத்தைந்து கிலோ தலைக்கு ஏற்றுவதற்குப் பதில் இரண்டாகக் கட்டி இரண்டு நடை நடங்கள், ஏற்றிவிட ஒரு கை இருந்தால் இன்னும் நல்லது. சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் சிறுநீர் கழிப்பேன் என்று அடக்கிவைப்பதை விடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை போய்விட வேண்டும்.

கர்ப்பப்பையை எடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வலி தசையில் இருந்தால் கர்ப்பப்பையை எடுத்தாலும் வலி இருந்த இடத்திலேயே இருக்கும். அறுவை முடிந்து எட்டு மாதம் கழித்து, புதிய தழும்புக்குப் பக்கத்தில் அதே பழைய இடத்தை விரலால் தொட்டுக் காட்டிய பெண்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பரிசோதனையில் அதை எடுத்தே ஆக வேண்டிய காரணம் ஏதும் தெரிந்தால் அது வேறு பேச்சு. வலிக்காக மட்டும் இப்போது யாரும் நாள் குறிக்க வேண்டாம்.

மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும், உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவதும் கூடாது. சென்றவுடன் இடுப்பு வலி என்று தொடங்காமல், உறவுக்குப் பின் இரத்தம் படுகிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், எனக்கு எழுதிய அந்த வரியை ஒரு தாளில் தனியாக எழுதி, ஸ்கேன் அறிக்கைகளுக்கு மேலே வைத்து நீட்டினால் போதும்.