கர்ப்பகால அக்யூட் ஃபேட்டி லிவர்னா என்ன, எது ஆபத்தான அறிகுறி, குணமாகுமா?

கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துல, பெரும்பாலும் 30 வாரத்துக்கு மேல, லிவர் செல்லுக்குள்ள பொடிப்பொடியா கொழுப்பு சேர்ந்து சில நாள்லயே லிவர் செயலிழக்குறதுதான் இது. பல ஆயிரம் பிரசவத்துல ஒண்ணுக்குத்தான் வரும்.

சிலருக்கு காரணம் வயித்துல இருக்குற குழந்தை. கொழுப்ப எரிக்கிற ஒரு என்சைம் அதுக்கு இல்லன்னா, பிள்ளை தட்டுல வச்ச மிச்சத்தையும் அம்மாவே சாப்பிட்டு முடிக்கிற மாதிரி அந்த எரியாத கொழுப்பு பூரா அம்மா ரத்தத்துக்கு வந்துடும், அதே ஜீன் கோளாறு அம்மாவுக்கும் பாதி இருக்குறதால அவங்க லிவர் தாங்காது.

எட்டாம் மாசம் திடீர்னு வாந்தி, மேல்வயித்து வலி, அடங்காத தாகம், கண்ணு மஞ்சள்னா "மாசமா இருந்தா வாந்தி சகஜம்"னு தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி போங்க. ரத்தத்துல சுகர் இறங்கும், பிலிரூபின் (கண்ணு மஞ்சளாகக் காரணமான பொருள்), கிரியேட்டினின் (கிட்னி பாதிப்ப காட்டுற அளவு) ஏறும், ரத்தம் உறைய நேரமாகும், அதாவது ஐஎன்ஆர் கூடும். ரத்த டெஸ்ட்ல லிவர் என்சைம் (லிவர் செல் அடிபட்டா ரத்தத்துல கசியுறது) எவ்வளவு ஏறியிருக்குங்குறத விட ஐஎன்ஆர், பிலிரூபின், அம்மாவுக்கு மனக்குழப்பம் இருக்கா, இதுங்கதான் நிலைமை எவ்வளவு மோசம்னு சொல்லும்.

சிகிச்சை, சீக்கிரமா பிரசவம் பார்க்குறதுதான். 1980க்கு முன்னாடி பெரும்பாலான அம்மாக்கள் இறந்துட்டாங்க, இப்போ நேரத்தோட கண்டுபிடிச்சு ஐசியூல பார்த்தா பெரும்பாலானவங்க பொழைச்சுடுறாங்க, சில வாரத்துல லிவர் பழையபடி ஆயிடும். குழந்தைக்கும் கொழுப்ப எரிக்கிற அந்த என்சைம் இருக்கான்னு டெஸ்ட் எடுக்கணும், அடுத்த கர்ப்பத்துல திரும்ப வரவும் வாய்ப்பிருக்கு.

நெய், பலகாரம் சாப்பிட்டு வந்ததுன்னு அந்தப் பொண்ணை யாரும் திட்டாதீங்க, ஸ்கேன்ல சாதாரணமா சொல்ற ஃபேட்டி லிவர் வேற, இது ஒல்லியா இருக்குறவங்களுக்கும் வரும்.