ரப்பரின் வெப்பக் கடத்துத்திறனை அளப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (கருப்பூர், பொறியியல் மாணவி): சார், லீஸ் டிஸ்க் கருவியில் (பித்தளைத் தகடுகளுக்கு நடுவே வட்டை வைத்து, ஒரு பக்கம் சூடேற்றி அளப்பது) 3 மி.மீ. ரப்பர் வட்டை அளந்தேன். புத்தகத்தில் கடத்துத்திறன் 0.15 (வாட்/மீட்டர்·கெல்வின்) என்று இருக்கிறது. எனக்கு 0.12-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. ரப்பர் மட்டமானதா?

பதில்: ரப்பர் மேல் பழி போடாதீர்கள் அம்மா. வட்டுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே காற்று நின்றிருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.003 மீட்டரை 0.15-ஆல் வகுத்தால் ரப்பரின் வெப்பத்தடை 0.02. காற்றின் கடத்துத்திறன் வெறும் 0.026. ஒரு தாளின் கனம், அதாவது 0.1 மி.மீ. காற்று இருந்தாலே 0.004 கூடிவிடும். மொத்தத் தடை 0.024. இப்போது 0.003-ஐ அதனால் வகுங்கள்: 0.125. உங்கள் 0.12 வந்த வழி புரிகிறதா?

இரண்டு பக்கமும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். அதைவிட நம்பகமான வழி, அதே ரப்பரில் 3 மி.மீ., 6 மி.மீ. என இரண்டு வட்டுகளை அளந்து தடைகளைக் கழிப்பது. இடையில் இருக்கும் காற்றின் தடை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், கழித்ததும் போய்விடும். மிச்சம் இருப்பது சுத்தமான 3 மி.மீ. ரப்பர்.

கேள்வி (ஏற்காடு, இயற்பியல் ஆசிரியர்): ரப்பர் குழாயைக் கலோரிமீட்டர் (வெப்பத்தை அளக்கும் பாத்திரம்) தண்ணீரில் மூழ்கவிட்டு, உள்ளே நீராவி செலுத்தி அளக்கிறோம். சேலத்தில் வந்ததைவிட இங்கே எப்போதும் குறைவாகவே வருகிறதே?

பதில்: நீராவியின் வெப்பநிலையை 100 டிகிரி என்று போட்டிருப்பீர்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிக்கும். தண்ணீர் சராசரியாக 20 டிகிரி என்றால் உண்மையான வித்தியாசம் 75, நீங்கள் வகுத்தது 80-ஆல். விடை 6 சதவீதம் குறையத்தானே செய்யும்? நீராவி வரும் இடத்திலேயே தெர்மாமீட்டரை வையுங்கள்.

இன்னொன்று. வெளியே போகும் வெப்பத்தை ஈடுகட்ட, அறை வெப்பநிலைக்குச் சில டிகிரி கீழே தொடங்கி, அதே அளவு மேலே முடிப்பது நல்ல பழக்கம். ஆனால் பனிமூட்டம் அறைக்குள் வரும் நாளில் ரொம்பக் குளிர்ந்த தண்ணீர் வேண்டாம். கலோரிமீட்டரின் வெளிப்பக்கம் வியர்த்துப்போகும், அந்த ஈரம் படியும்போது விடும் வெப்பமும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். ஆசிரியர்களே இதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி (கொண்டலாம்பட்டி, டயர் ரீட்ரேடிங் பட்டறை): அண்ணா, புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணை வைத்தே ரப்பரை வேகவைக்கும் (சூடாக்கி இறுகவைக்கும்) நேரத்தைக் கணக்கிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 0.15 என்பது எதுவும் கலக்காத ரப்பருக்கு. உங்கள் டிரெட் (டயரின் மேல்பட்டை) கலவையில் கார்பன் பிளாக் (கரித்தூள்) நிறைய இருக்கும், அதில் 0.25 வரைகூடப் போகும். உங்கள் கலவையிலேயே ஒரு தகடு வேகவைத்து, அதை அளக்கக் கொடுங்கள். கனம் இரட்டிப்பானால் நடுவே சூடு போய்ச் சேரச் சுமார் நாலு மடங்கு நேரம் ஆகும், அதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (ஓமலூர்): கூரைக்கு அடியில் ஒட்டும் ஸ்பாஞ்ச் ரப்பரையும் இப்படியே அளக்கலாமா?

பதில்: அளக்கலாம், ஆனால் அழுத்தக் கூடாது. வெப்பத்தைத் தடுப்பதே அதற்குள் அடைபட்ட காற்றுதான். அளக்கும்போது எவ்வளவு கனத்தில் இருந்ததோ அதையே கணக்கில் போடுங்கள். வெளியே ஆய்வகத்தில் கொடுத்தால், எந்தச் சராசரி வெப்பநிலையில், எந்தக் கனத்தில் அளந்தார்கள் என்று அறிக்கையில் எழுதி வாங்குங்கள்.