ஏரி நிறைந்தால் ஒரு கூட்டம், வற்றினால் வேறு கூட்டம்: ஏரிக்கரை விடுதிக் கேள்வி பதில்

மதுராந்தகம், வேடந்தாங்கல், கரிக்கிலி பக்கத்து ஏரிக்கரைகளில் சிறு விடுதி நடத்துகிறவர்களும் அங்கே தங்க வருகிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள்.

விடுதி திறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "பறவை சீசன் எப்போது?" என்று கேட்பவர்களுக்கு எந்த மாதத்தைச் சொல்வது?

மாதத்தைச் சொல்லி முன்பதிவு வாங்காதீர்கள். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நம் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்றால்தான் கூடு கட்டும் கூட்டம் இறங்கும். மரத்தைச் சுற்றிலும் தண்ணீர் இருந்தால் பூனை, நரி, மனிதர் யாரும் அடிமரத்தை நெருங்க முடியாது. அந்தப் பாதுகாப்பைத் தேடித்தான் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா எல்லாம் வருகின்றன. மழை தள்ளிப்போனால் சீசனும் தள்ளிப்போகும்.

நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துகளுக்கு மரம் தேவையில்லை, அகலமான திறந்த நீர் வேண்டும். அவை மார்ச் வாக்கில் வடக்கே திரும்பிவிடும். மதகு திறந்து பாசனம் நடந்து, ஓரத்தில் சேறு தெரியத் தொடங்கியதும் அடுத்த கூட்டம் வரும்: உள்ளான்கள், பட்டாணி உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான். "தண்ணீர் குறைந்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை" என்று பலர் நினைக்கும் அந்த மூன்று நான்கு வாரத்தில்தான் விடுதி வாசலிலிருந்தே மிக அருகில் பறவை பார்க்கலாம்.

கரையில் ஓர் அளவுகோல் நட்டு, வாரம் ஒருமுறை நீர் மட்டத்தையும் அன்று கண்ட பறவைகளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வருடக் குறிப்பு கையில் இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மார்ச் கடைசியில் தண்ணீர் வேகமாக இறங்குகிறது. கூட்டில் இன்னும் கூழைக்கடாக் குஞ்சுகள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

கூழைக்கடா சுமார் ஒரு மாதம் அடைகாக்கும். அதன் பிறகு குஞ்சு பறக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். டிசம்பர் கடைசியில் முட்டையிட்டிருந்தால் ஏப்ரல் கடைசி தாண்டியும் மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். நத்தைகுத்திக்கு இந்தச் சிக்கல் குறைவு, அதன் குஞ்சுகள் சீக்கிரம் பறந்துவிடும்.

தண்ணீர் பயிருக்கும் வேண்டும், அதில் உழவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். தோட்டத்துக்கும் தொட்டிக்கும் ஏரியிலிருந்து மோட்டார் போட்டு இறைப்பதை நிறுத்துங்கள். கூட்டு மரத்தடி காய்ந்துவிட்டால் விருந்தினரையும் தெருநாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கீழே விழுந்த குஞ்சைத் தூக்கி அறைக்குக் கொண்டுவராமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கார் நிறுத்தும் ஜல்லித் தரையில் ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருக்கிறது. நாளைக்கு ஒரு குழு வருகிறது. முட்டையை ஓரமாக எடுத்து வைக்கலாமா?

தயவுசெய்து தொடாதீர்கள். இடம் மாறினால் தாய் அதைத் தன் கூடாக ஏற்காமல் போகலாம். அது குச்சி வைத்துக் கட்டும் கூடு இல்லை. தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிக் கொஞ்சம் கூழாங்கல், அவ்வளவுதான். மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டைகள், கூர்முனை உள்நோக்கி அடுக்கியிருக்கும். இரண்டடி தள்ளி நின்றாலே ஜல்லியோடு ஜல்லியாகிவிடும். அதனால்தான் டயரில் நசுங்குகிறது.

கூட்டைச் சுற்றி ஐந்து மீட்டர் விட்டு நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். கூட்டுக்குப் பக்கத்திலேயே கொடி நட்டால் காக்கைக்கு வழி காட்டியது போலாகும். சுமார் 28 நாள் இப்படி விட்டால் போதும். பொரிந்த குஞ்சு சீக்கிரமே எழுந்து தாயோடு நடந்துவிடும், இடம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

நண்பகலில் கவனித்துப் பாருங்கள்: தாய் ஏரிக்கு ஓடி வயிற்று இறகை நனைத்து, சொட்டச் சொட்ட வந்து முட்டைமேல் உட்காரும். சித்திரை வெயிலில் முட்டையைக் குளிர்விக்கும் வழி அது. அந்த நேரத்தில் ஆள் நெருங்கி அரைமணி அதை எழுப்பிவிட்டால் முட்டை வெந்துபோகும்.

மழை தொடங்கியதும் தாழ்வாரம் முழுக்கப் பூச்சி. இரண்டு பேருக்குக் கழுத்தில் தீக்காயம் போலக் கொப்புளம் வந்துவிட்டது. சிலந்தியா?

சிலந்தியாக இருக்க வாய்ப்புக் குறைவு. எறும்பு போல ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் வண்டு ஒன்று வயல் பக்கம் உண்டு. அது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்வதைத் தட்டி நசுக்கினால் அதன் உடல்நீர் தோலில் பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளம் கிளம்பும். நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

அதை இழுப்பது விளக்குதான். ஈசலையும் அதேதான் இழுக்கிறது. வெள்ளை எல்.இ.டி.யை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு போடுங்கள். முழங்கால் உயரத்தில், மூடியோடு, வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கும்படி இருக்கட்டும். ஏரியைப் பார்த்த ஃபோகஸ் விளக்கு எதற்கும் வேண்டாம், மரத்தில் அடைந்த பறவையை அது கிளப்பிவிடும்.

குளியலறை வாசலில் பாம்பு. பினாயில் ஊற்றினால் வராதாமே?

பினாயில், பிளீச்சிங் பவுடர், பூண்டு எதுவும் பாம்பைத் தடுக்காது. ஏரி ஓரத்தில் அதிகம் தென்படுவது விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பு. சீண்டினால் கடிக்கும், ஆபத்தில்லை. ஆனால் மழைக்காலத்தில் வளையில் நீர் புகுந்தால் கட்டுவிரியனும் மேட்டுக்கு வரும். கதவடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள். விறகை ஓரடி உயரப் பலகையில் அடுக்குங்கள். எலி வராதபடி அரிசி மூட்டையைத் தகர டின்னில் வையுங்கள். வேலையாட்களுக்குக் கட்டில், கொசுவலை, டார்ச் கொடுங்கள். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது, கடித்த வலிகூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலியும் இமை சரிவதும் கண்டால் பாம்புக்கடி என்றே எடுத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது வேண்டாம். கை காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

வைகாசியில் விடியும்போது மீன் செத்து மிதக்கிறது. யாராவது விஷம் கலந்திருப்பார்களோ?

முதலில் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலையில் மட்டும் மிதந்தால், அதற்கு முன் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், அது பிராணவாயுக் குறைவு. சூடான, ஆழமில்லாத நீரில் பாசி பகலில் பிராணவாயு தருகிறது, இரவில் அதுவே எடுத்துக்கொள்கிறது. காற்றில்லாத, மேகம் மூடிய நாளுக்கு மறுநாள் இன்னும் மோசம். சமையலறைக் கழிவுநீரும் விருந்தினர் போடும் ரொட்டியும் பாசியை வளர்க்கும். இரண்டையும் நிறுத்துங்கள். பகலிலும் மிதந்தால், நண்டு, தவளையும் சேர்ந்து செத்தால் மீன்வளத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஆகாயத்தாமரையை எடுக்கும்போது கரையோரக் கோரை, சம்பையும் சுத்தமாக எடுத்துவிடலாமா?

ஆகாயத்தாமரையைப் பூப்பதற்குள் வேரோடு எடுத்துக் கரைக்கு வெளியே, மழைநீர் ஏரிக்குத் திரும்பாத இடத்தில் குவியுங்கள். விதை சேற்றில் பல வருடம் உயிரோடு கிடக்கும். கோரையும் சம்பும் இருக்கட்டும். நீலத் தாழைக்கோழி அதற்குள்தான் கூடு கட்டும். அல்லி இலைமேல் நடக்கும் இலைக்கோழியில் அடைகாப்பது ஆண்தான். படகுத்துறைக்கு மூன்று மீட்டர் வழி மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு அறைகள் நிரம்பிவிட்டன. ஏரிக்கரையில் வாணவேடிக்கை கேட்கிறார்கள்.

வேண்டாம், அம்மா. இடம் பார்க்கப் பறவை இறங்கும் வாரம் அது. முதல் கூட்டம் கலைந்தால் கூடு வேறு ஏரிக்குப் போய்விடும். 1798-லேயே வேடந்தாங்கல் ஊரார் பறவைகளைச் சுடக் கூடாதென்று கலெக்டர் லயனல் பிளேஸிடம் உறுதி வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் இன்றும் பறவைக்காகப் பட்டாசு வெடிப்பதில்லை. முன்பதிவு வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரையும் கரையில் உட்கார வையுங்கள், இரை தேடப் போன பறவைகள் வரிசை வரிசையாகத் திரும்பும் நேரம் அது.