அளப்பதா, அந்தக் காசுக்கு நெல் வாங்குவதா?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்கு அருகே எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அப்பாவின் பெயரிலுள்ள பெர்மிட் காணி. இடம்பெயர்ந்து திரும்பியபோது எல்லைக் கல் ஒன்றும் மிஞ்சவில்லை. வரம்புகளைக் கண்மதிப்பில் போட்டோம். ஒவ்வொரு காலபோகத்திலும் (மாரிமழையோடு விதைக்கும் பெரும்போகம்) மேற்குப் பக்கம் காய்கிறது, கிழக்குப் பக்கம் அழுகுகிறது. ஐந்து பேருக்கான அரிசியைப் பாதி வருடம் கடையில்தான் வாங்குகிறோம். காணியை அளப்பதால் பயன் உண்டா, அந்தக் காசுக்கு நெல்லையே வாங்கிவிடலாமா?

பதில்: சகோதரி, உங்களுக்கு இரண்டு அளவைகள் தேவை. ஒன்றுக்குக் கந்தோர் ஏற வேண்டும். மற்றதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும். உங்கள் வீட்டுச் சோற்றை முதலில் கூட்டப்போவது அந்தக் குழாய்தான்.

எல்லையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெர்மிட் காணி அரச காணி. அவசரப்பட்டுத் தனியார் அளவையாளருக்குப் பணம் கட்டாதீர்கள். பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், பெர்மிட்டிலுள்ள துண்டு இலக்கமும் விஸ்தீரணமும் நான்கெல்லையும் அங்குள்ள பேரேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எல்லையை மீண்டும் காட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அப்பாவுக்குப் பின் காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பதியப்பட்டிருக்கிறாரா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் பிறகு படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ்ஸோடு வயலைச் சுற்றி நடந்து எடுக்கும் அளவு எல்லைச் சண்டைக்கு உதவாது. இரண்டு ஏக்கர் சதுரக் காணியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 90 மீற்றர். அந்தப் பக்கம் 4 மீற்றர் தள்ளி விழுந்தால் 14 பேர்ச் பிழைக்கும் (ஓர் ஏக்கர் 160 பேர்ச்). ஆனால் விதைப்புக் கணக்குக்கு அது தாராளமாகப் போதும். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் என்று வைத்தால், இரண்டு ஏக்கர் என்று நம்பிய வயல் உண்மையில் ஒன்றரை ஏக்கராக இருக்கும்போது ஒரு புசல் வீண்; உரமும் அதே அளவில் கூடிப் பயிரைச் சாய்க்கும்.

இனிக் குழாய். மேற்கு காய்ந்து கிழக்கு அழுகுவதற்குக் காரணம் தண்ணீர் தரும் குளமல்ல, வயலின் மேடுபள்ளம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலத் தண்ணீர் நிற்க ஏறத்தாழ ஒரு இலட்சம் லீற்றர் வேண்டும். மேட்டை நனைக்க நீங்கள் கூட்டித் திறக்கும் ஒவ்வோர் அங்குலமும் பள்ளத்துப் பயிரை மூழ்கடிக்கிறது.

மேசன்மார் மட்டம் பார்க்கும் 20 மீற்றர் நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். அங்குலம் குறித்த இரண்டு தடிகளில் அதன் இரு முனைகளையும் கட்டுங்கள். ஒரு தடி மடைவாயில் நிற்கட்டும். மற்றதோடு பத்து எட்டுக்கு ஓரிடத்தில் நில்லுங்கள். இரண்டு தடியிலும் தண்ணீர் நிற்கும் எண்களின் வித்தியாசத்தைக் கொப்பியில் அந்தந்த இடத்தில் எழுதுங்கள். உங்கள் தடியில் எண் குறைந்தால் அங்கே நிலம் மேடு. குழாய் எட்டாத இடத்தில், கடைசியாக அளந்த புள்ளிக்கு முதல் தடியைக் கொண்டுவந்து தொடருங்கள். அந்தப் புள்ளியின் வித்தியாசத்தையும் கூட்டிக்கொள்ள மறக்க வேண்டாம். ஒரே உயரமுள்ள புள்ளிகளைப் பென்சிலால் இணைத்தால், அதுவே உங்கள் வயலின் சமவுயரப் படம்.

வரம்பை அந்தக் கோடுகளின் வழியே போடுங்கள், வளைந்து போனாலும் பரவாயில்லை. ஒரு தட்டுக்குள், அதாவது வரம்புகளுக்கு இடைப்பட்ட ஒரு துண்டுக்குள், ஓரிரு அங்குல வித்தியாசம்தான் என்றால் மட்டப்பலகை போட்டு இழுத்துச் சரிசெய்யலாம். அதற்கு மேலென்றால் மண்ணை வெட்டாமல் இரண்டு தட்டாகப் பிரியுங்கள்.

ஆவணி, புரட்டாதியில் வயல் காய்ந்து கிடக்கும்போதே அளந்துவிடுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், கறுத்த மேல்மண்ணை முதலில் வழித்து ஒதுக்கிவைத்து, கீழ்மண்ணை மட்டப்படுத்திய பிறகு மேலே பரப்புங்கள். மேல்மண்ணைப் புதைத்துவிட்டால் அந்த இடத்தில் அடுத்தடுத்த போகங்களிலும் நெல் சோர்ந்துதான் நிற்கும்.