சிமெண்ட் மேடையா, பலகை கபினெட்டா? வீட்டு வேலை கேள்வி பதில்

தீபாவளி நெருங்கினால் குசினி (சமையலறை) வேலைக் கடிதங்கள் குவியத் தொடங்கிவிடும். இந்த இதழுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் ஆறு.

எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக் குசினி பத்தடிக்குப் பன்னிரண்டடி. பழைய பலகை கபினெட் சிங்க்குக்குக் கீழே உப்பிப்போய், கரையானும் ஏறிவிட்டது. கையில் 8,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. கடைக்காரர் மறுபடியும் பலகை கபினெட்டே போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

வேண்டாம் அம்மா. கடைகளில் மலிவாகக் கிடைப்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே ஒட்டிய தாள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வெட்டிய ஓரத்தில் தண்ணீர் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊறிவிடும். சிங்க் குழாயில் ஒரு சொட்டுக் கசிவு போதும். தோட்டத்தை ஒட்டிய மண்ணில் கரையானும் குறையாது.

உங்கள் தொகைக்கு ஏற்றது செங்கல் கால், கான்கிரீட் மேடை, அலுமினியக் கதவு. கிரைண்டரை ஏற்றி வைத்தாலும் அசையாது.

சுவரோரம் பத்தடியும், மூலை திரும்பி ஆறடியும் ஆக 16 அடி நீளம், 2 அடி அகலம், 3 அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் 8 கன அடி கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு முக்கால் அங்குலக் கல் என்ற கலவையில் இதற்கு 50 கிலோ சிமெண்ட் ஒன்றரை மூட்டை போதும். செங்கல் கட்டு, பூச்சு எல்லாம் சேர்த்தால் கூடும். மூன்றடிக்கு ஒரு செங்கல் கால் வேண்டும். 10 மில்லிமீட்டர் கம்பியை 6 அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கட்டச் சொல்லுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் இந்தக் கம்பிதான். கொத்தனார் கம்பியைப் பலகை மேலேயே படுக்கவைத்துக் கலவையைக் கொட்டிவிடுவார். கம்பிக்குக் கீழே சிமெண்டே இருக்காது. சிங்க் அடியில் எப்போதும் ஈரம் என்பதால் சில வருடங்களில் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், அடிப்பக்கம் சில்லுசில்லாக உதிரும். ஒரு அங்குல உயரச் சிமெண்ட் வில்லைகளைக் கம்பிக்கு அடியில் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. வில்லை வைத்திருக்கிறாரா என்று கலவை கொட்டுவதற்கு முன்னால் குனிந்து பாருங்கள். கொட்டிய பிறகு பார்க்க வழியில்லை.

சிங்க்கை முதலிலேயே வாங்கி, அதன் அளவுக்குப் பெட்டி அடித்து ஓட்டை விட்டுக் கொட்ட வேண்டும். காய்ந்த பிறகு மெஷினால் அறுத்தால் கம்பியும் அறுபடும். மேடையின் முன் ஓரம் கதவைவிட ஒரு அங்குலமாவது வெளியே நீண்டு, அதன் அடியில் ஒரு சின்னக் காடி (நீளப் பள்ளம்) இருக்கட்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கதவுக்கு ஓடாது. கொட்டிய மறுநாளிலிருந்து ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனையுங்கள். அதற்கு முன் முட்டுக் கட்டையைக் கழற்ற விடாதீர்கள்.

உயரம்? நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் 5 அங்குலம் கழியுங்கள். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு 32, 33 அங்குலம் வரும். காய் நறுக்க, பாத்திரம் கழுவ இது சரி. ஆனால் அடுப்பு வைக்கும் பகுதிக்கு இந்த உயரம் ஆகாது. மேசை மேல் வைக்கும் கேஸ் அடுப்பே 5 அங்குலம், அதன்மேல் குவாலி (வாணலி) இன்னொரு 5 அங்குலம். மேடை 33 என்றால் குவாலி விளிம்பு 43-ல் நிற்கும். தோளைத் தூக்கிக்கொண்டுதான் கிண்ட வேண்டும். ஆகவே அடுப்புக்கு மட்டும் இரண்டரை அடி நீளத்தை 27 அங்குலத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை.

மேலே ஒட்ட 60-க்கு 60 சென்டிமீட்டர் டைல்ஸ் எடுத்தால் இரண்டடி அகலத்தை ஒரே கல் மூடிவிடும், குறுக்கே இணைப்பு வராது. இணைப்புகளில் எப்பாக்சி பூசச் சொல்லுங்கள். வெள்ளைச் சிமெண்ட் பூசினால் முதல் மீன்குழம்பிலேயே மஞ்சள் ஏறிவிடும், தேய்த்தாலும் போகாது. அலுமினியக் கதவுக்கு அளவெடுப்பது டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகுதான். முன்னதாக அளந்தால் கதவு இடிக்கும்.

பணம் பற்றாவிட்டால் சுவரில் தொங்கும் மேல் கபினெட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். குழாயையும் வயரையும் தள்ளாதீர்கள்.

பழைய தரை டைல்ஸை உடைக்காமல் மேலேயே புதிது ஒட்டலாமா? எத்தனை பெட்டி வாங்க வேண்டும்?

ஒரு ஐம்பது காசை எடுத்து ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் பிடிப்பு இருக்கிறது. 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும் கற்களை மட்டும் பெயர்த்துச் சிமெண்டால் நிரப்பலாம். பாதிக்கு மேல் பொள்ளல் என்றால் முழுவதும் உடைப்பதே மேல், இல்லாவிட்டால் பழையது பெயரும்போது புதியதையும் தூக்கிக்கொண்டு வரும். மேலே ஒட்டுவதானால் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, பழைய டைல்ஸ் மேல் ஒட்டுவதற்கென்றே விற்கும் பசையைப் பயன்படுத்துங்கள். சாதாரணச் சிமெண்ட் வழவழப்பில் பிடிக்காது. தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும், அதனால் பின்கதவின் அடியை அறுக்க வேண்டியிருக்கும்.

கணக்கு இது: 120 சதுர அடி என்பது 11.15 சதுர மீட்டர். உடைசலுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 12.3. 60-க்கு 60 கல் பெட்டிக்கு நான்கு என்றால் ஒரு பெட்டி 1.44 சதுர மீட்டர், ஆக 9 பெட்டி. இரண்டு மூன்று கல் மிஞ்சும், பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் அதே நிறம் கிடைக்காது. எல்லாப் பெட்டியிலும் ஒரே தயாரிப்பு எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் குசினி என்றால் தரை ஓட்டையை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலச் சாய்வு வேண்டும். அந்தச் சாய்வுக்குப் பெரிய கல்லைவிட 30-க்கு 30 சுலபமாக வளைந்துகொடுக்கும்.

பின்பக்கம் இழுத்துக் கட்டிய குசினி, பழைய சுவரோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழே பிளந்துவிட்டது. மூன்று முறை சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை. மழை பெய்தால் அதே இடத்தில் ஒழுகுகிறது.

முப்பது முறை பூசினாலும் நிற்காது ஐயா. பழைய வீடு வருடக்கணக்கில் மண்ணில் அமர்ந்து உறுதியாகிவிட்டது. புதிய பகுதி மேலோட்டமான அஸ்திவாரத்தில், வெட்டி நிரப்பிய மண்மேல் இப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் கம்பி போட்டுக் கட்டினாலும் ஏதாவது ஓரிடத்தில் பிளந்தே தீரும். பூசிய சிமெண்ட் இழுபடாது, ஆகவே அதே கோட்டில் மறுபடி விரியும்.

பிளவைச் சுத்தமாக நேர்கோட்டில் அரை அங்குல அகலத்துக்கு வெட்டி, உள்ளே நுரைக்கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்புங்கள். ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொடுக்கும். சிலிகான் வேண்டாம், அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. அந்தக் கோட்டின் மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள்.

ஒழுகலுக்குக் காரணம் வேறு. கூரைத் தகரத்தைச் சுவரோடு வைத்துச் சிமெண்டால் அடைத்திருப்பார்கள். வெயிலில் தகரம் நீளும், சிமெண்ட் விரிசல்விடும். சுவரில் ஒரு அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, மடித்த தகரப் பட்டையை அதில் செருகி, சுவரில் ஆறு அங்குலம் ஏறி கூரைமேல் இறங்கும்படி போட வேண்டும். ஏணி போட்டு மேலே ஏறிப் பார்க்காமல் விலை சொல்பவரை நம்பாதீர்கள்.

பிளவு ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பெரிதாகிக்கொண்டே போனாலோ, தூண் சாய்ந்தாலோ இது சீலன்ட் வேலை அல்ல, பொறியாளரைக் கூப்பிடுங்கள். இனி இழுத்துக் கட்ட நினைப்பவர்கள் முதலில் ஊராட்சி மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அதைக் கேட்கிறது. பின்சந்துக் கால்வாயையும் கழிவுநீர் மூடியையும் தரைக்குள் புதைத்துவிடாதீர்கள்.

பழைய தோட்ட வீடுகளில் கூரை அஸ்பெஸ்டாஸ் ஓடாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் துளையிடவோ, அறுக்கவோ, பிரஷ் போட்டுத் தேய்க்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

இண்டக்‌ஷன் அடுப்பு, கெத்தல், சோற்றுப் பானை மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் பிளக் பழுப்பாகிறது. பெரிய ஃபியூஸ் போடலாமா?

கூடவே கூடாது! ஒரு 13 ஆம்பியர் பிளக் தாங்குவது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட். இண்டக்‌ஷன் 2,000, கெத்தல் 1,800, சோற்றுப் பானை 700 என்றால் மொத்தம் 4,500 வாட், அதாவது கிட்டத்தட்ட 20 ஆம்பியர். பழுப்பு நிறம் பிளாஸ்டிக் வெந்துகொண்டிருப்பதன் அடையாளம். பெரிய ஃபியூஸ் போட்டால் ஃபியூஸ் எரியாது, வயர் எரியும். அந்த எக்ஸ்டென்ஷனை இன்றே தூக்கி எறியுங்கள்.

சுவரை உடைத்துக் குழாய் போடும்போதே, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், குசினிக்கு மட்டும் இரண்டு தனி வயரிங் இழுங்கள்: 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்பியர் பிரேக்கர். இண்டக்‌ஷன் ஒன்றில், மற்றவை இன்னொன்றில். சாக்கெட்டை சிங்க்குக்கு நேர் மேலேயோ அடுப்புக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் செய்யட்டும். சாமானில் தரச் சோதனைக்கான சிரிம் முத்திரை இருக்க வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

கேஸ் தோம்பை (சிலிண்டரை) கபினெட்டுக்குள் மறைத்து வைக்கலாமா?

வைக்கலாம், கதவில் அடியிலும் மேற்புறத்திலும் காற்றோட்ட ஓட்டை இருந்தால். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும், எனவே அடி ஓட்டைதான் முக்கியம். தோம்பு நிமிர்ந்தே நிற்கட்டும். ரப்பர் குழாய் அடுப்புக்குப் பின்னால் சூடுபடாமல் போகட்டும். வெடிப்பு தெரிந்தால் டேப் சுற்றாமல் மாற்றுங்கள். தோம்பு மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

வேலைக்காரர் பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார்.

பத்து விழுக்காடு கொடுங்கள். சாமானை நீங்களே ஹார்ட்வேர் கடையில் வாங்கிக் கொடுத்தால் அவருக்குப் பெரிய முன்பணம் தேவையில்லை. மீதி கட்டம் கட்டமாக: மேடை கொட்டியதும், டைல்ஸ் முடிந்ததும், தண்ணீர் திறந்து கசிவு பார்த்த பிறகு கடைசித் தவணை. என்ன வேலை, எத்தனை நாள், எந்தச் சாமான் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், ரசீது வாங்குங்கள். அப்படியும் ஓடிவிட்டால் 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு போடலாம். கட்டணம் 5 ரிங்கிட், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.